தளபாடக் கண்காட்சி என்று சொன்னவருக்கு

பலகைக்கடை மகன் (வெள்ளவத்தை), வியாழன் இரவு 9.40

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நான்கு நாட்களாக மனதை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அன்வர் நானாவின் தெகிவளை வீட்டு மேல்மாடியில் பதினான்கு பேர் சேர்ந்து கியேர்மோ டெல் டோரோவின் ‘நைட்மெயர் ஆலி’ படத்தைப் பார்த்தோம். படம் முடிந்தபோது ஒரு பாதிப்பேர் பேச்சற்று இருந்தார்கள், மற்றப் பாதியில் சிலர் அதற்கு முன்பே செருப்பைத் தேடிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் மறுநாள் காலை வாசுகி அக்கா இங்கே இரண்டே வரி எழுதினார்: “இது படமல்ல, தளபாடக் கண்காட்சி. அந்த வைத்தியர் அறையை வெட்டியெடுத்துக் கடை வாசலில் வைத்தால் நல்ல விலை போகும்.” அதற்கு முப்பத்தொரு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். என் தகப்பனார் பலகைக்கடை வைத்து எங்களை வளர்த்தவர். தளபாடம் என்ற சொல்லை ஒருவர் வசையாகப் பாவிக்கும்போது அது எனக்குச் சுடுகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939இல், ஒரு பிணத்தை வீட்டோடு சேர்த்து எரித்துவிட்டுப் புறப்படும் ஸ்டான் என்பவன் ஊர் ஊராகப் போகும் ஒரு களியாட்டக் கூட்டத்தில் சேர்கிறான். மற்றவர் மனதை வாசிப்பதுபோல் நடிக்கும் வித்தையை அங்கே கற்றுக்கொள்கிறான். பிறகு நகரத்துக்குப் போய்ப் பணக்காரர் முன்னால் அதைச் செய்து காட்டிப் பெயர் எடுக்கிறான். அங்கே லிலித் என்ற உளவியலாளரைச் சந்திக்கிறான், அவருடைய அறையில்தான் அவன் அழிவு தொடங்குகிறது. பிராட்லி கூப்பரும் கேட் பிளான்செட்டும் நடித்தது, 2021 டிசம்பரில் வெளியானது.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவியெடுத்த இரண்டு வீனியர்த் தாள்களை, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து அருகருகே ஒட்டினால், இடப்பக்கத்து ரேகை கண்ணாடியில் விழுந்ததுபோல் வலப்பக்கத்திலும் தெரியும். முடிச்சு விழுந்த மரமாக இருந்தால் அந்தச் சேர்க்கையில் முகங்களும் வண்டுகளும் வௌவால்களும் தோன்றும். அப்படி ஒட்டிய லிலித்தின் சுவரைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது, உளவியலாளர்கள் நோயாளியிடம் காட்டி “என்ன தெரிகிறது” என்று கேட்கும் மைத்தட அட்டைதான். வந்து அமர்கிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னரே அந்தச் சுவர் அவனைச் சோதிக்கத் தொடங்கிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கடை வாசலில் வைக்கலாம் என்று எழுதுகிறவர் எதைப் பார்த்தார் என்று நான் அறிய விரும்புகிறேன்.

ஆமர்வீதி வாசுகி, வியாழன் இரவு 10.25

தம்பி, உங்கள் தகப்பனாரையோ அவருடைய கடையையோ நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையே அங்கே வாங்கியதுதான். அதைக் காரணமாக வைத்து என் கருத்தை அவமதிப்பாக மாற்ற வேண்டாம்.

அந்த அறை வடிவானது என்பதை நான் மறுக்கவே இல்லை. என் முறைப்பாடே அதுதான். தன் தகப்பனைப் பற்றி ஸ்டான் அந்த அறையில் மனம் திறக்கும் நேரத்தில் நான் அவனுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் சுவரைத்தான் பார்த்திருக்கிறீர்கள், நான்கு நாட்களுக்குப் பிறகும் அதன் ரேகைகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் சொன்னதில் ஒரு வசனம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

இந்தப் படம் பின்பற்றும் நுவார் படங்கள், அதாவது குற்றமும் இருட்டும் நிறைந்த 1940களின் அமெரிக்கப் படங்கள், எப்படிப் பிறந்தன என்று யாரும் இங்கே யோசிக்கவில்லை. 1942இல் அமெரிக்க அரசின் போர் உற்பத்திச் சபை, ஒரு படத்தின் அரங்க அமைப்புக்குப் புதிதாக வாங்கும் பொருட்களுக்கு 5,000 டொலர் என்று உச்சவரம்பு விதித்தது. பலகையும் ஆணியும் இல்லாத காலத்தில், பழைய அரங்கத்தின் ஒரு மூலையை வைத்துக்கொண்டு மிச்சத்தை இருட்டில் விட்டார்கள். அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்வையாளன் தானாக நினைத்துப் பயந்தான். அவனுடைய சொந்தப் பயம் படத்துக்குள் போனபடியால்தான் அந்தப் படங்கள் இன்றும் பிடித்து உலுக்குகின்றன. இந்தப் படத்தில் எல்லா மூலையும் தெரிகிறது, எல்லா மூலையும் மினுங்குகிறது. என் பயத்தை நான் வைப்பதற்கு ஓர் அங்குல இடத்தைக்கூட இயக்குநர் விடவில்லை. அழைக்கப்பட்ட விருந்தாளியைப் போல நான் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அதனால்தான் கண்காட்சி என்றேன், அந்தச் சொல்லை மாற்ற மாட்டேன்.

பலகைக்கடை மகன், வியாழன் இரவு 11.10

அக்கா, அந்த 5,000 டொலர்க் கதையை நானும் அறிவேன். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். இதே கதையை 1947இலும் படமாக எடுத்தார்கள், எட்மண்ட் கோல்டிங் இயக்கம், டைரன் பவர் கதாநாயகன். அது மூலையில் எடுத்த ஏழைப் படமா? ஃபொக்ஸ் நிறுவனத்தின் வளாகத்தில் பத்து ஏக்கர் நிலத்தில் ஒரு முழுக் களியாட்டத்தையே கட்டினார்கள், உண்மையான களியாட்டக்காரர்களையே கூட்டிவந்து அதற்குள் விட்டார்கள். அதுவும் நுவார்தான், அதுவும் காசைக் கொட்டி எடுத்ததுதான். ஏழ்மையிலிருந்துதான் நுவார் வரும் என்றால் அந்தப் படத்தை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

வசனம் நினைவிருக்கிறதா என்று கேட்டீர்கள். எனக்கு நினைவிருப்பது அவனுடைய கைதான். ஸ்டான் முதன்முறை அந்த அறைக்குள் வந்ததும் அவனுடைய கண்ணும் உடம்பும் அந்த அறையை அளக்கின்றன. மண் தரையில், கூடாரத்துக்குள், சேறு படிந்த சப்பாத்தோடு படுத்தெழும்பியவன் அவன். பொலிஷ் பண்ணிய மேசையின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும் ஆசை அப்படியான ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கடைக்கு முதல் வீடு கட்டிய ஆட்கள் வந்து அலுமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அறை வடிவாக இல்லாவிட்டால் அவன் அங்கே ஏன் இரண்டாம் முறை வரவேண்டும்? தூண்டிலில் புழு இல்லாமல் மீன் எப்படிக் கடிக்கும்?

நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள் என்று சொன்னீர்களே, அவனும் அதைத்தான் பார்த்தான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மறைவான கருவியில் பதிவுசெய்துகொண்டிருந்தாள். உங்களையும் அவனையும் ஒரே கதிரையில் இருத்தியிருக்கிறார் இயக்குநர். அதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை.

நிரோஷ் (பம்பலப்பிட்டி), வெள்ளி காலை 7.15

முதலில் நுவார் என்றால் என்ன என்பதை நாம் வகுத்துக்கொண்டால் இந்தச் சண்டை பாதி குறையும் என்று நினைக்கிறேன். 1946இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர், போருக்குப் பிறகு பாரிசுக்கு ஒன்றாக வந்து சேர்ந்த சில அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, கறுப்பு என்ற பொருளில் அந்தப் பெயரைப் பாவித்தார். அந்தப் படங்களை எடுத்தவர்கள் அப்போது அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஆகவே இது நுவாரா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால், நாங்கள் ஒளியமைப்பைச் சொல்கிறோமா, கதையைச் சொல்கிறோமா, விதியைச் சொல்கிறோமா என்று தெளிவாக்க வேண்டும்.

இரண்டாவது, நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 2022 மார்ச் இறுதியில், கொழும்பில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட அந்த நாட்களில். மின்கலம் தீர்ந்துவிடும் என்று கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து வைத்திருந்தேன். வாசுகி அக்கா கேட்ட இருட்டு முழுவதும் எனக்குக் கிடைத்தது. படம் விளங்கவில்லை, நித்திரைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் பார்த்தபோது அதே காட்சிகளில் நிழலுக்குள்ளேயே மூன்று நான்கு படி நிழல் இருப்பதைக் கண்டேன். நிறச்சீரமைப்பு என் தொழில், அந்த வேறுபாடு விளையாட்டல்ல. எதில் பார்த்தீர்கள் என்று கேட்காமல் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்பதில் பயனில்லை.

ஆமர்வீதி வாசுகி, வெள்ளி காலை 8.05

நிரோஷ் தம்பி, ஞாயிற்றுக்கிழமை நானும் அதே திரையில், உங்களுக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்துதான் பார்த்தேன். என் கண்ணில் குறை இல்லை.

பலகைக்கடைத் தம்பிக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் படத்துக்கு 2022இல் ஒஸ்காருக்கு நான்கு பரிந்துரைகள் கிடைத்தன. ஒன்று ஒளிப்பதிவு, ஒன்று உடை, ஒன்று அரங்க அமைப்பு. வெளிச்சம், துணி, தளபாடம். நடித்தவர்களில் ஒருவருக்கும் இல்லை, இயக்கத்துக்கு இல்லை, திரைக்கதைக்கு இல்லை. நான் இரண்டு வரியில் சொன்னதை அவர்களும் பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். தூண்டில், புழு என்றெல்லாம் நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் 1947இல் வந்த படம் 111 நிமிடம், இது 150 நிமிடம். அந்த மேலதிக 39 நிமிடத்தில் பாதி அந்த அறைக்குள்ளேயே போயிற்று என்று எனக்குப் படுகிறது.

பலகைக்கடை மகன், வெள்ளி காலை 8.50

நான்கு பரிந்துரை என்று எண்ணிவிட்டு மூன்றை மட்டும் பெயர் சொன்னீர்கள். நான்காவது, சிறந்த படம். அதை ஏன் விழுங்கினீர்கள் அக்கா? மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிற நீங்கள் மேற்கோளைப் பாதியில் வெட்டலாமா? போன வருடம் நான் ஒரு படத்தின் பெயரைத் தவறாக எழுதியபோது மூன்று நாள் என்னை இங்கே நிறுத்திவைத்துத் திருத்தியவர் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

அந்த அறைக்கு ஒரு வேர் இருக்கிறது. அரங்க அமைப்பாளர் டமாரா டெவரல் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது நியூயோர்க்கின் புறூக்லின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிற ஓர் உண்மையான அறையை. 1930ஐ ஒட்டிய காலத்தில் பார்க் அவெனியூவில் ஒரு பணக்காரக் குடும்பம் தன் வீட்டுக்குள் அமைத்த வாசிப்பறை அது. சுவர் முழுவதும் வீனியர் பதித்தது. அந்த வருடங்கள் அமெரிக்காவில் எப்படிப்பட்ட வருடங்கள்? பங்குச்சந்தை விழுந்து, வேலையற்றவர்கள் சூப்புக்கு வரிசையில் நின்ற காலத்தை ஒட்டி ஒருவர் தன் புத்தகங்களை வைக்கும் அறைக்கு இவ்வளவு மரத்தைச் சீவியிருக்கிறார். அந்த அறையைக் கொண்டுவந்து, களியாட்டச் சேற்றிலிருந்து வந்தவனை அதற்குள் நிறுத்துவதில் ஒரு பொருள் இருக்கிறது. கூடாரத்தில் எல்லாம் வட்டம், துணி, சேறு. இங்கே எல்லாம் நேர்கோடு, மரம், மெருகு. அவன் ஏறி வந்துவிட்டதாக நினைக்கிறான், ஆனால் ஒரு கூண்டிலிருந்து விலை கூடிய கூண்டுக்கு மாறியிருக்கிறான்.

இதைத் தளபாடம் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிறவர்கள், கல்யாண வீட்டுக்குப் போய் மணவறைச் சோடனையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்களைப் போன்றவர்கள்.

கொட்டாஞ்சேனைக் கிளமென்ட், வெள்ளி மதியம் 1.30

பிள்ளைகளே, இருபத்திரண்டு வருடம் தியேட்டரில் ஒபரேட்டராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விடுங்கள். கார்பன் குச்சி இரண்டையும் எதிரெதிரே வைத்து, அவை எரிந்து தேய்ந்து இடைவெளி கூடக்கூடக் கிட்டக் கொண்டுவந்து, அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டியவன் நான். குச்சியைக் கவனிக்காமல் விட்டால் திரை மஞ்சளாகிப் பிறகு மங்கும், கீழேயிருந்து விசில் அடிப்பார்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியில் இருக்கும் கறுப்பு, வெள்ளி உலோகம் படிந்த கறுப்பு. அதன் ஆழம் வேறு. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இப்போதைய வர்ணப் படத்தின் இருட்டு கழுவின கோப்பித் தண்ணீர்போலத்தான் தெரியும். வாசுகி சொல்வதில் எனக்கு விளங்கும் பகுதி அதுதான். ஆனால் ஏழ்மையால்தான் இருட்டு வந்தது என்று சொல்வதை ஏற்க மாட்டேன். 1944இல் ‘டபிள் இன்டெம்னிற்றி’ படத்தில் ஜோன் சைட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர், யன்னல் வெயில் தூசியோடு தெரியவேண்டும் என்பதற்காக உலோகத் தூளை அறைக்குள் ஊதிவிட்டார். போர்க்காலத்திலும் அவர்கள் வடிவுக்குத்தான் பாடுபட்டார்கள்.

எனக்குக் கவலை வேறு. இவ்வளவு கதைக்கிறீர்கள், நம்முடைய மொழியில் 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எஸ். பாலச்சந்தர் இயக்கியது, ஏ.வி.எம். எடுத்தது, சிவாஜி நடித்தது. ஒரு பாட்டு இல்லை. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டு நாட்களில் நடக்கும் கொலை. முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். அந்தப் படமும் வந்தபோது ஓடவில்லை, பிறகுதான் தேசிய விருதில் சான்றிதழ் கிடைத்தது. சனம் இரண்டாகப் பிரிவது என்ன புதினமா? டெல் டோரோவுக்கு முன்னால் பாலச்சந்தருக்கு நடந்ததுதான் இது.

நிரோஷ், வெள்ளி மதியம் 2.10

ஐயா, ‘அந்த நாள்’ எனக்கும் பிடித்த படம், ஆனால் அதை நுவார் என்று சொல்ல முடியாது. அது யார் கொன்றது என்று துப்புத் துலக்கும் கதை. நாட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பாடத்தோடு முடிகிறது. அது ஓடாததற்குக் காரணம் பாட்டில்லாமை, ஒளிப்பதிவு அல்ல. தமிழில் ஒப்பிடுவதென்றால் 2011இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ இருக்கிறது. தியாகராஜன் குமாரராஜா இயக்கி, பி.எஸ். வினோத் ஒளிப்பதிவு செய்தது. நிறம் நிறமாக, ஒவ்வொரு சட்டமும் தீட்டியதுபோல் இருக்கும். அதுவும் தியேட்டரில் நிற்கவில்லை, இரண்டு தேசிய விருது வாங்கியது, இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

கொட்டாஞ்சேனைக் கிளமென்ட், வெள்ளி மதியம் 2.40

தம்பி, யன்னல் கம்பியின் நிழல் முகத்தில் விழுவதையும், ஒரே கொலையை ஒவ்வொருவர் வாயால் ஒவ்வொரு விதமாகக் காட்டுவதையும் நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் திரையில் ஓட்டியிருக்கிறேன். நுவார் இல்லை என்று ஒரு வரியில் தள்ளிவிட உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? காலையில் நீங்களே வரைவிலக்கணம் வேண்டும் என்றீர்கள், மதியத்தில் வரைவிலக்கணம் இல்லாமலே தீர்ப்புச் சொல்கிறீர்கள். ‘ஆரண்ய காண்டம்’ நான் பார்த்தேன், கெட்ட வார்த்தையைத் தவிர ஒன்றும் காதில் நிற்கவில்லை.

தெகிவளை அன்வர், வெள்ளி மாலை 6.20

வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் பாதியில் எழும்பிப் போனவர்களை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாட்சியாக இழுக்கிறீர்கள். போனவர்கள் ஐந்து பேர். ஒருவர் இஷாத் தொழுகைக்குப் போனவர், திரும்பி வந்து கடைசி அரைமணித்தியாலத்தைப் பார்த்தார். ஒருவருக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை. ஒருவர் சிறு மகளைக் கூட்டிவந்திருந்தார். கூண்டுக்குள் இருக்கும் அந்தக் குடிகார மனிதன் கோழியின் கழுத்தைக் கடிக்கும் காட்சியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார், அவரைக் குறை சொல்ல ஏலாது. மிச்ச இருவர்தான் படம் பிடிக்காமல் போனவர்கள், அந்த இருவரும் வைத்தியர் அறை திரையில் வருவதற்கு முன்னரே போய்விட்டார்கள். ஆகவே அந்த அறையால் யாரும் எழும்பிப் போகவில்லை.

என் மனைவி சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். களியாட்டத்தை நடத்தும் கிளெம், கூண்டு மனிதனை எப்படி உருவாக்குவது என்று ஸ்டானிடம் விளக்கும் காட்சி இருக்கிறதல்லவா, போக்கிடமில்லாத குடிகாரனைப் பிடித்து, இது கொஞ்ச நாளுக்குத்தான், நல்ல ஆள் கிடைக்கும் வரைக்கும்தான் என்று ஆசை காட்டி, குடியில் அபின் கலந்து கொடுப்பது. அந்தக் காட்சி முடிந்ததும் அவர் என் காதில், “கடைசியில் இவன்தான் அந்தக் கூண்டுக்குள் இருக்கப் போகிறான்” என்றார். அப்படியே நடந்தது. முடிவு தெரிந்த பிறகு மிச்சப் படத்தை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள் என்பது என் எண்ணம். என் மனைவிக்கு முடிவு தெரிந்த பிறகுதான் நெஞ்சு இடித்தது. எனக்கு, சொல்ல வெட்கமில்லை, எப்போது முடியும் என்று இருந்தது.

பலகைக்கடை மகன், வெள்ளி இரவு 9.00

அன்வர் நானா சொன்னது நல்ல கருத்து, உங்கள் வீட்டுப் பற்றிஸும் நல்லது. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. முடிவு தெரிந்த ஒருவர் அந்த அறைக்குள் நுழையும்போது அந்த மெருகு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் அவன் அந்தச் சாய்கதிரையில் படுக்கும்போது, கூண்டின் வைக்கோல் நினைவுக்கு வருகிறது. நல்ல உடுப்பு, வெண்மையான கழுத்துப்பட்டி, தங்கநிற வெளிச்சம் எல்லாம் பறிபோகப் போகும் பொருட்களாகத் தெரிகின்றன. பறிபோகப் போவது அற்பமாக இருந்தால் அழிவுக்கு என்ன கனம்? வாசுகி அக்கா கேட்ட ஒரு மூலை அறையில் அவனை இருத்தியிருந்தால், அவன் கூண்டுக்குப் போனாலென்ன போகாவிட்டாலென்ன?

1947ஆம் ஆண்டுப் படத்தில் அவனைக் கடைசியில் மோலி, களியாட்டத்திலிருந்து அவனோடு நகரத்துக்கு வந்த காதலி, கண்டெடுத்து அணைத்துக்கொள்கிறாள், பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையைக் காட்டி முடித்தார்கள். 2021இல் அந்தக் கை நீளவில்லை. அவன் சிரித்து அழுகிறான். அந்த முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த அறையின் சுவர் நினைவுக்கு வந்தது. இடப்பக்கம் சிரிப்பு, வலப்பக்கம் அழுகை, நடுவில் ஒட்டுக்கோடு. இதை நான் வலிந்து சொல்லவில்லை. ஒட்டுக்கோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தானாகத் தெரிகிறது.

ஏறத்தாழ 6 கோடி டொலர் செலவழித்து 4 கோடியைக்கூட எட்டாத படம் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். சிலந்தி மனிதன் வெளியான அதே நாளில், 2021 டிசம்பர் 17ஆம் திகதி, பெருந்தொற்றுக்கு நடுவில் இதை வெளியிட்டார்கள். 1947ஆம் ஆண்டுப் படமும் பணம் பார்க்கவில்லை. இந்தக் கதையில் வருகிறவனைப் போலவே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பணம் கொடுத்துப் பார்க்கப் பெரும்பாலானவர்கள் விரும்புவதில்லை. அதற்கு அறையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆமர்வீதி வாசுகி, வெள்ளி இரவு 10.15

நான்காவது பரிந்துரையைச் சொல்லாமல் விட்டது என் பிழை, அதை ஏற்கிறேன். பெயர்த் திருத்தத்தை இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தது உங்கள் பிழை. என் கருத்து அங்கேயே நிற்கிறது.

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் விளக்கும்போது அந்த அறை விளங்குகிறது, ஸ்டான் விளங்கவில்லை. பறிபோகப் போகும் பொருட்கள் என்று உடுப்பையும் வெளிச்சத்தையும் எண்ணினீர்கள், மோலியை எண்ணவில்லை. அவனை நம்பி வந்த பெண் ஒருத்தி நகரத்தில் ஹோட்டல் அறையில் காத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பறிபோனது உங்களுக்கு இழப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் படம் அவளுக்கு ஒரு சுவரைக்கூட இந்த அளவு கவனத்தோடு கட்டிக் கொடுக்கவில்லை. அலங்காரம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்ப்பவனின் இரக்கமும் போய்விடுகிறது. என் கோபம் இதில்தான் இருக்கிறது.

2022 ஜனவரியில் இதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி மறுபடி வெளியிட்டார்கள். வர்ணத்தில் குறை இல்லை என்றால் ஏன் அதைக் கழற்றினார்கள்?

நிரோஷ், வெள்ளி இரவு 10.40

அக்கா, அது குறையை மறைக்கச் செய்த வேலை இல்லை. படப்பிடிப்பு நடக்கும்போதே ஒளிப்பதிவாளர் டான் லவுஸ்ட்சன் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒளி அமைப்பதுபோலவே அமைத்தார். நிறத்தை எடுத்தாலும் உருவம் பிரிந்து நிற்கும்படி விளக்கு வைப்பது தனி வேலை. பிறகு வெறுமனே நிறத்தை உறிஞ்சினால் முகமும் சுவரும் ஒரே சாம்பலாகிவிடும்.

கொட்டாஞ்சேனைக் கிளமென்ட், வெள்ளி இரவு 10.55

அதைத்தானே நான் மதியம் சொன்னேன். ‘அந்த நாள்’ பற்றி நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.

பலகைக்கடை மகன், வெள்ளி இரவு 11.30

மோலியைப் பற்றி அக்கா சொன்னதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் அதை எழுதினால் விடிந்துவிடும். இப்போதைக்கு அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறத்தை எடுத்த பதிப்பில் அந்தச் சுவர் என்னவாகிறது என்று பாருங்கள். மரத்தின் சிவப்பும் பொன்னும் போனவுடன் ரேகை மட்டும் மிஞ்சுகிறது, மைத்தட அட்டையாகவே ஆகிவிடுகிறது. நான் முதல் நாள் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அன்வர் நானா சம்மதித்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிப்பைப் போடுவோம். நான் கடையிலிருந்து இரண்டு வீனியர்த் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்துக் காட்டுகிறேன்.

ஆமர்வீதி வாசுகி, வெள்ளி இரவு 11.42

நான் வருகிறேன். ஆனால் அந்தத் தாளைப் படம் முடிந்த பிறகு விரியுங்கள், படம் ஓடும்போது வேண்டாம். இந்த முறை நான் அவனுடைய முகத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

பலகைக்கடை மகன், வெள்ளி இரவு 11.44

முகத்துக்குப் பின்னால் சுவர் இருக்கும் அக்கா.